கூப்பனின் பின்பக்கத்தைப் படியுங்கள்



ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். ஆறு நிறைந்து ஓடுகிறதே, அதில் போடுவதை எதற்கு அளக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அளந்து பழகிய கை எங்கும் ஏமாறாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார்கள். சம்பளம் வாங்கியவுடன் பட்டணத்துப் பேரங்காடிக்குச் சாமான் வாங்கப் புறப்படும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பழமொழி இன்றும் தேவையாக இருக்கிறது.

மாதச் சம்பளத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்று சென்ற இதழில் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி தம் தோட்டத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் செய்தியை மட்டும் தருகிறேன். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். இவர் உரம் போடும் வேலைக்குப் போகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஒரு பேரங்காடி கொடுத்த கூப்பனில், "80 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் 8 வெள்ளி கழிவு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்களாம். கையில் 80 வெள்ளியோடு போன இவர் 86 வெள்ளி 40 காசுக்குச் சாமான் எடுத்தார். 8 வெள்ளி கழிந்தால் 78 வெள்ளி 40 காசு, மீதியும் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் பணம் செலுத்தும் முகப்பில் கூப்பன் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஆசையாக எடுத்த பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம். "ஏனம்மா, நம்மிடம் பணம் இல்லையா?" என்று சின்னவன் கேட்டது இன்னும் மனத்தை அறுக்கிறது என்று எழுதியிருக்கிறார். "கடைக்காரர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களா, ஆசிரியரே?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி தம் கடிதத்தோடு அந்தக் கூப்பனையும் அனுப்பியிருந்தார். அதன் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், விலைக் கட்டுப்பாட்டுப் பொருள்கள் கணக்கில் சேரா என்று போட்டிருக்கிறது. அவர் வாங்கியவற்றில் இரண்டு பாக்கெட் எண்ணெய்க்கு 5 வெள்ளி, இரண்டு கிலோ சீனிக்கு 5 வெள்ளி 70 காசு. இந்த 10 வெள்ளி 70 காசைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 75 வெள்ளி 70 காசுதான். கூப்பன் கேட்பதோ 80. ஆகவே கடைக்காரர் ஏமாற்றவில்லை. கூப்பனின் முன்பக்கத்தை மட்டும் சகோதரி படித்திருக்கிறார்.

சரி, என்ன செய்திருக்கலாம்? சீனியில் ஒரு கிலோவைக் குறைத்துக்கொண்டு, 4 வெள்ளி 30 காசுக்குத் துவரம்பருப்போ சவர்க்காரமோ கூடுதலாக எடுத்திருக்கலாம். அப்போது கணக்கில் சேரும் சாமான் சரியாக 80 வெள்ளி. எண்ணெயும் ஒரு கிலோ சீனியும் 7 வெள்ளி 85 காசு. ஆக மொத்தம் 87 வெள்ளி 85 காசு. அதில் 8 வெள்ளி போக, கொடுக்க வேண்டியது 79 வெள்ளி 85 காசு. கையில் இருந்த 80 வெள்ளியே போதும், பிஸ்கட் டின்னும் வீட்டுக்கு வந்திருக்கும்!

8 வெள்ளிதானே என்று யாரும் எண்ண வேண்டாம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி என்று உயர்த்தப்பட்டபோது, ஒரு மணி நேர வேலைக்குரிய கூலி 8 வெள்ளி 17 காசு என்று கணக்கிட்டார்கள். ஆகவே 8 வெள்ளிக் கூப்பன் என்பது வெயிலில் நின்று செய்யும் ஏறக்குறைய ஒரு மணி நேர உழைப்பு. அதை ஒரு சிறிய எழுத்துக்காக இழக்கலாமா?

கடைக்காரர் ஏன் கொடுக்கிறார்?

கூப்பனை ஒரு நன்கொடை என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். வாணிபம் செய்பவர் காரணமில்லாமல் கழிவு கொடுப்பதில்லை. நம்மைத் தம் கடைக்கு வரவழைக்க வேண்டும். 60 வெள்ளிக்கு வாங்க வந்தவரை 80 வெள்ளிக்கு வாங்க வைக்க வேண்டும். தேங்கிய சரக்கு நகர வேண்டும். இவையே அவருடைய நோக்கங்கள். இதில் தவறேதும் இல்லை. அவர் தம் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கூப்பனை அச்சிடுகிறார். நாமும் நம் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அதை நீட்ட வேண்டும். முன்பக்கம் ஆசைக்கு, பின்பக்கம் கணக்குக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்து மொழி

பின்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மலாய்மொழி. சில தொடர்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

"பெம்பெலியான் மினிமும்" என்றால் குறைந்தது இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று பொருள். அந்தத் தொகை மற்றக் கழிவுகளுக்கு முந்தியதா, பிந்தியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாமான்கள் சேரா என்பதையும் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பொருள்கள், கைக்குழந்தைப் பால்மாவு, சிகரெட், தொலைபேசிக்குப் போடும் பணம் ஆகியவற்றைப் பல கடைகள் தள்ளிவிடுகின்றன.

"சா செஹிங்கா" என்று போட்டு ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரைதான் கூப்பன் செல்லும். மாதக் கடைசியில் முடியும் கூப்பன், அடுத்த மாதம் 7ஆம் தேதி சம்பளம் வாங்குபவருக்கு வெறும் காகிதம்.

"செமெந்தாரா ஸ்தோக் மசிஹ் அடா" என்றால் சரக்கு இருக்கும் வரை. ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் சாமான் தீர்ந்திருக்கலாம்.

"ஹர்கா அஹ்லி" என்றால் உறுப்பினர் விலை. விலைச்சீட்டில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ பெரிதாகத் தெரியும் விலை இதுவாக இருக்கலாம். உறுப்பினர் அட்டை இல்லாதவருக்குப் பக்கத்தில் சிறிதாக இருக்கும் விலைதான். உறுப்பினராவதற்குக் கட்டணம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

"தீடாக் போலே டிகாபுங்கான்" என்றால் வேறு கழிவோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. இரண்டு கூப்பன் கையில் இருந்தால் எது கூடுதல் லாபம் என்று பார்த்து ஒன்றை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஒரு ரசீதுக்கு ஒரு கூப்பன்" என்பது வேறு, "ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கூப்பன்" என்பது வேறு. முன்னதில் சாமானை இரண்டாகப் பிரித்து இரண்டு ரசீது போடலாம். பின்னதில் அது முடியாது.

மூன்று கணக்குகள்

கீழே உள்ள விலைகள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. முறைதான் முக்கியம்.

முதலாவது, தொகையை நிரப்பும் கணக்கு. உங்கள் வீட்டுக்கு இம்மாதம் தேவையான சாமான் 66 வெள்ளி. அதே 80 வெள்ளிக் கூப்பனுக்காக 14 வெள்ளிக்கு இனிப்பு நீரும் நொறுக்குத் தீனியும் எடுக்கிறீர்கள். கழிவு போக 72 வெள்ளி கொடுக்கிறீர்கள். கூப்பன் இல்லாமலே வந்திருந்தால் 66 வெள்ளியோடு போயிருக்கும். ஆக, 8 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் 6 வெள்ளி கூடுதலாகச் செலவாகிவிட்டது. அதே 14 வெள்ளிக்கு அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டிய அரிசி மாவு, பருப்பு, சவர்க்காரம் எடுத்திருந்தால் அந்த 8 வெள்ளி உண்மையான லாபம்.

இரண்டாவது, எடைக் கணக்கு. ஒரு கிலோ பாக்கெட் 12 வெள்ளி 50 காசு, அதற்கு 50 காசு கூப்பன் உண்டு. பக்கத்திலேயே 400 கிராம் பாக்கெட் 4 வெள்ளி 60 காசு, கூப்பன் இல்லை. எது மலிவு? பெரியது, கழிவும் உண்டு என்று கை அதற்குத்தான் போகும். 400 கிராமை ஒரு கிலோவாகக் கணக்கிட்டால் 11 வெள்ளி 50 காசு. பெரிய பாக்கெட் கழிவு போகவும் 12 வெள்ளி. சிறியதுதான் மலிவு! விலையை எடையால் வகுத்துப் பார்க்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள்.

மூன்றாவது, வண்டிக் கணக்கு. பட்டணம் போய் வர வேன் கூலி 6 வெள்ளி என்றால், 8 வெள்ளிக் கூப்பனில் உங்களுக்கு மிஞ்சுவது 2 வெள்ளி. கூப்பனுக்காக மட்டும் தனியாக ஒரு பயணம் வேண்டாம். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ போகும் நாளில் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கடையையும் இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. 555 நோட்டில் எழுதிக்கொண்டு நமக்குக் கடன் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். பேரங்காடி கூப்பன் கொடுக்கும், கடன் கொடுக்காது. ஆயினும் கடனுக்கு வாங்கும்போது விலை ஓரளவு கூடுதலாக இருப்பதும் உண்டு. அந்தப் பற்றை மெல்ல மெல்ல அடைத்துவிட்டு, ரொக்கத்திற்கு வாங்கும் நிலைக்கு வருபவருக்குத்தான் கூப்பன் முழுப் பலன் தரும்.

இருவர் சேர்ந்தால்

லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறீர்கள். ஒருவருக்கு 45 வெள்ளிச் சாமான், மற்றவருக்கு 40 வெள்ளிச் சாமான். தனித்தனியே போனால் இருவருக்குமே கூப்பன் செல்லாது. ஒரே ரசீதாகப் போட்டால் 85 வெள்ளி. 8 வெள்ளி கழிவு கிடைக்கும், ஆளுக்கு 4 வெள்ளி. வேன் கூலியில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். ரசீதை மட்டும் அன்றைக்கே பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நல்ல அண்டை வீட்டாருக்கிடையே மனத்தாங்கல் வரும்.

அரசாங்க உதவியும் கூப்பன்தான்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, 18 வயது நிறைந்த மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சாரா உதவியாக 100 வெள்ளி கொடுத்தார்கள். பணம் கையில் வரவில்லை. மைகார்டைக் காட்டி, பதிவு பெற்ற கடைகளில், குறிப்பிட்ட அத்தியாவசியப் பொருள்களை மட்டும் வாங்க முடிந்தது. நிபந்தனைகளைப் பாருங்கள்: கடை இன்னது, சாமான் இன்னது, முடியும் தேதி இன்னது. கூப்பனுக்குள்ள அதே மூன்று நிபந்தனைகள்தாம். ஒரே நாளில் முழுவதையும் செலவழிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தகைய உதவி வரும்போதெல்லாம், வீட்டில் உள்ள முதியவர்களின் அட்டையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் தேதி கடந்துவிடக் கூடாது.

கூப்பன் தேவைப்படாத மலிவும் உண்டு. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய்க்கு 2016 நவம்பரில் 2 வெள்ளி 50 காசு என்று விலை நிர்ணயித்தார்கள். போத்தல் எண்ணெய்க்கு எவ்வளவு கழிவு கொடுத்தாலும், இந்த பாக்கெட் விலையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்கள் உரிமை

நிபந்தனையைப் படித்து, அதன்படி நடந்தும் கழிவு கிடைக்கவில்லை என்றால் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் இயற்றப்பட்டது. தவறான விலையைக் காட்டி மயக்குவதையும், கொடுக்கும் எண்ணமில்லாமல் இலவசம் என்று விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடை செய்கிறது. முதலில் முகப்பில் நிதானமாகக் கேளுங்கள். பிறகு கடை மேலாளரைக் கேளுங்கள். தீரவில்லையென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளையில் புகார் செய்யலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இதற்கெல்லாம் ஆதாரம் ரசீதும் விளம்பரத் தாளும்தான். இரண்டையும் ஒரு மாதமாவது பத்திரப்படுத்துங்கள்.

கடையை விட்டு வெளியேறும் முன்பே ரசீதைப் பாருங்கள். மொத்தத் தொகையில் ஒன்றிரண்டு காசு கூடியோ குறைந்தோ இருந்தால் பயப்பட வேண்டாம். 2008 ஏப்ரல் முதல் மொத்தத்தை 5 காசுக்குச் சரிக்கட்டும் முறை நடப்பில் உள்ளது. 1, 2 காசு குறையும். 3, 4 காசு 5 காசாகும். ஆனால் கழிவு விழாமல் விட்டிருந்தால் அப்போதே திரும்பிப் போய்க் கேளுங்கள்.

கைத்தொலைபேசியில், "இந்தப் பேரங்காடி 200 வெள்ளிக் கூப்பன் தருகிறது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். வங்கி எண்ணைக் கேட்கும் கூப்பன் கூப்பனே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலாய் எழுத்து எனக்குச் சரியாக வராதே என்று தாய்மார்கள் சிலர் தயங்குவதை நான் அறிவேன். உங்கள் வீட்டில் நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ படிக்கும் பிள்ளை இருக்கிறதல்லவா? பள்ளியில் மலாய் படிக்கிறான், வகுத்தல் கணக்கும் படிக்கிறான். விளம்பரத் தாளை அவன் கையில் கொடுங்கள். பின்பக்கத்தை வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். எது மலிவு என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாமான் பட்டியலை அவனே எழுதட்டும். அவன் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசில் ஒரு பகுதியை அவன் உண்டியலிலேயே போடுங்கள். பெற்றோரின் வியர்வை எத்தனை வெள்ளிக்குச் சமம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்த பிள்ளை காசையும் வீணாக்க மாட்டான், படிப்பையும் வீணாக்க மாட்டான்.

உங்கள் ஊர்க் கடைகளில் காணும் நிபந்தனைகளையும் எழுதி அனுப்புங்கள். பலருக்குப் பயன்படும். அடுத்த இதழில், பள்ளி திறக்கும் முன் சீருடையும் புத்தகப்பையும் வாங்கும் செலவைப் பற்றிப் பேசுவோம்.