மோட்டார் மூலை: ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்

நானுஓயாவிலிருந்து வாசக அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் ஓட்டோமெற்றிக் கியர் உள்ள பழைய ஜப்பானியக் கார் ஒன்று இருக்கிறது. எஞ்சினைக் கழற்றிப் புதுக்கி, வலுவையும் கூட்டியிருக்கிறார். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஒருமுறையேனும் கலந்துகொள்ள வேண்டுமென்பது அவருடைய ஆசை. அதற்காக, 3,500 சுற்று ஸ்டோல் வேகமுள்ள பந்தய டோர்க் கன்வேட்டரைப் பூட்டலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரியில், 'இதே வண்டியில்தான் அம்மாவையும் தங்கையையும் றதல்லைப் பாதையால் கூட்டிச் செல்வேன்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரியே இவ்வாரம் நம்மை எழுதத் தூண்டியது.

முதலில், இக்கருவி யாதென்று மாணவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் முன்னாளில் ஓடைநீரின் வேகமே சக்கரத்தைச் சுழற்றி இயந்திரங்களை ஓட்டியது. டோர்க் கன்வேட்டரிலும் தத்துவம் ஏறக்குறைய அதுவே. மூடிய உருண்டைப் பெட்டிக்குள் எண்ணெய் நிறைந்திருக்கிறது. எஞ்சினோடு சுழலும் பம்புச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரேயுள்ள டர்பைன் சக்கரம் அவ்வீச்சை வாங்கிச் சுழன்று கியர்ப்பெட்டியை இயக்குகிறது. இரண்டிற்கும் நடுவேயுள்ள ஸ்டேட்டர், திரும்பிவரும் எண்ணெயின் போக்கைத் திருத்தி மீண்டும் பம்புக்கு உதவியாக அனுப்புகிறது. இதனால், வண்டி புறப்படும் வேளையில் எஞ்சினின் முறுக்கு ஏறக்குறைய இருமடங்காகப் பெருகுகிறது. டர்பைன் வேகங்கொண்டு பம்பை எட்டிப்பிடிக்கும்போது அப்பெருக்கம் மறைந்துவிடுகிறது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டில், கப்பல்களுக்கென எண்ணி, இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களில் இதனைப் பிரபலமாக்கியது 1948ஆம் ஆண்டில் வந்த பியூயிக் டைனாஃப்ளோ.

இனி, ஸ்டோல் வேகம் என்றால் என்ன? சில்லுகள் அசையாதிருக்க, அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுவரை ஏறி நிற்குமோ அதுவே ஸ்டோல் வேகம். சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் 2,000 சுற்றை அண்டியிருக்கும். உயர்ந்த சுற்றிலேயே வலுக்காட்டும் பந்தய எஞ்சினுக்கு உயர்ந்த ஸ்டோல் நன்மை செய்யும். புறப்படும்போதே எஞ்சின் தன் பலமான இடத்தில் நிற்கும். ஆனால், அந்த எல்லைக்குக் கீழே ஓடும்போதெல்லாம் கன்வேட்டர் மிகுதியாக நழுவும். நழுவலில் இழந்த வலு எங்கும் போய்விடாது. எண்ணெயிலே வெப்பமாகத் தங்கும்.

பந்தயம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் எண்ணெய் அத்தனை கொதித்துவிடாது. மூடுபனியில், மரக்கறி லொறிக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஹற்றன் வீதியில் ஏறுவதோ அப்படியன்று. எஞ்சின் உழைக்கிறது, கன்வேட்டர் நழுவுகிறது, வண்டி மெதுவாகச் செல்வதால் குளிரூட்டிக்குக் காற்றும் போதாது. கியர்ப்பெட்டி எண்ணெய் 90 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் நலம். 120 பாகையைத் தாண்டினால் விரைவிற் கெடத் தொடங்கும்.

மலையகத்தார் மட்டும் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நானுஓயா கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்று மெலிந்தது. டர்போ இல்லாத எஞ்சின் கொழும்பிற் காட்டும் முறுக்கில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கை இங்கே இழந்துவிடும். ஸ்டோல் வேகமோ முறுக்கின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. ஆகவே கொழும்பு கராஜில் 2,400 என்று அளந்த கன்வேட்டர் இங்கே சுமார் 2,200 சுற்றிலேயே நின்றுவிடும். விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. எஞ்சினின் முறுக்கு, வண்டியின் எடை, பின்னச்சின் பல் விகிதம், ஊரின் உயரம் ஆகிய நான்கையும் விற்பவரிடம் கூறியே கேட்கவேண்டும்.

இதுவரை ஏறுவதைப் பற்றிச் சொன்னோம். இறங்குவதே பெரிய காரியம்.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா றதல்லைக் குறுக்குப் பாதையில், பாடசாலை மாணவர் சென்ற பேருந்தொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதிப் பள்ளத்தில் வீழ்ந்தது. ஏழு உயிர்கள் போயின. அந்த வண்டிகளின் கியரைப் பற்றி நாம் இங்கே ஒன்றும் சொல்ல வரவில்லை. அச்சரிவு எத்தகையது என்பதை மறவாதிருக்கவே நினைவூட்டுகிறோம்.

நெடுஞ்சரிவில் பிரேக்கை விடாது மிதித்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப்பிடிக்க வேண்டும். அப்போது சில்லிலிருந்து எஞ்சினுக்கு விசை பின்னோக்கிச் செல்லவேண்டிய ஒரே வழி அந்த எண்ணெய்தான். தளர்ந்த பந்தய கன்வேட்டர் ஏறும்போது நழுவுவதுபோல் இறங்கும்போதும் நழுவும். எஞ்சினின் பிடி சில்லுக்கு முழுமையாக எட்டாது. பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டும் 'லொக்-அப்' கிளச் இருந்து, அது இறக்கத்திலும் பூட்டியிருந்தால் இக்குறை நீங்கும். பந்தய கன்வேட்டர்கள் பலவற்றில் அது கிடையாது.

ஆகவே நம் அன்பருக்குச் சொல்வது இது. 3,500 வேண்டாம். கார் பிறந்தபோதிருந்த ஸ்டோல் வேகத்தைவிடச் சில நூறு சுற்று மட்டும் கூடியதாய், உங்கள் கியர்ப்பெட்டிக்குப் பொருந்தும் லொக்-அப் உள்ளதாய்த் தேர்ந்தெடுங்கள். அதனோடு எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டி ஒன்றையும், வெப்பமானி ஒன்றையும் கட்டாயம் பூட்டுங்கள். ஸ்டோலைச் சோதிப்பதாயின், சமதரையில், முன்னால் எவரும் நில்லாதபோது, ஐந்து விநாடிக்கு மேற்படாமற் சோதியுங்கள். றதல்லையில் இறங்குமுன்பே கியரைத் தாழ்த்துங்கள். எக்காரணங்கொண்டும் நியூட்ரலில் இறங்காதீர்கள்.

இதனால் மகாகஸ்தோட்டையில் ஒன்றிரண்டு விநாடிகள் பிந்தலாம். அதைப் பெரிய நட்டமென்று நாம் கருதவில்லை. பந்தயம் ஆண்டுக்கொரு முறை வரும். தாயும் தங்கையும் பின்னாசனத்தில் அமர்ந்து அச்சரிவில் இறங்கும் நாட்களோ அநேகம். கன்வேட்டரை அந்த நாட்களுக்கே தேர்ந்தெடுங்கள்.