கட்டிலுக்கடியில் ராஜாவும் ராணியும்

நரைத்த தலையும் அத்தனை பெரிய கவுனுமாக ஒரு ராணி, குனிந்து, தவழ்ந்து, கட்டிலுக்கடியில் நுழைகிறாள். புத்தி கலங்கிய அவள் புருஷன் ராஜாவும் அவளைத் தொடர்ந்து உள்ளே வருகிறார். இரண்டு பேரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு நிமிஷத்துக்கு அந்தக் கிழவரும் கிழவியும் மறைந்து, கல்யாணமான புதிதில் எப்படி இருந்தார்களோ அப்படியே தெரிகிறார்கள். அவ்வளவுதான், தொடர் முடிந்தது!

‘குயீன் சார்லட்’ தொடரின் கடைசி எபிஸோடைத்தான் சொல்கிறேன். 2023 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மொத்தமே ஆறு எபிஸோடுதான். ‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரில் உயர உயரமாகக் கொண்டை வைத்துக்கொண்டு எல்லோரையும் மிரட்டுகிற ராணி வருவாளே, அவளுடைய இளமைக் கதை இது. பார்த்தவர்கள் பாதிப் பேர் அழுதுவிட்டுத்தான் டி.வி.யை அணைத்திருப்பார்கள். என் சிநேகிதி ஒருத்தி போன் பண்ணி, “பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்டி! என்ன வந்தாலும் விட்டுட்டுப் போகலை பாரு!” என்று உருகிப்போனாள்.

எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது, மறைப்பானேன்! ஆனால் ‘பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்’ என்றாளே, அந்த இடம்தான் நெருடுகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வேண்டும்.

கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் தேசத்துச் சின்ன சமஸ்தானம் ஒன்றிலிருந்து பதினேழு வயசுப் பெண்ணைக் கொண்டுவந்து இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குக் கட்டிவைக்கிறார்கள். கல்யாணத்தன்றைக்குத் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடப் பார்க்கிறாள் பெண். ‘கொஞ்சம் தூக்கிவிடேன்’ என்று அங்கே வந்த ஒருவரிடம் கேட்டால், அவர்தான் மாப்பிள்ளை! கல்யாணம் ஆன கையோடு மாப்பிள்ளை அவளைத் தனியே விட்டுவிட்டு வேறு அரண்மனைக்குப் போய்விடுகிறார். அவருக்கு மனக்கோளாறு என்பது மாமியாருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், வேலையாட்களுக்குக்கூடத் தெரியும். கட்டிக்கொண்ட பெண்ணுக்கு மட்டும் தெரியாது. ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற பேச்சு லண்டன் அரண்மனையிலும் உண்டு போலிருக்கிறது!

கடைசி எபிஸோடில் பார்லிமெண்டில் பேச வேண்டிய நாளன்று ராஜாவால் பேச முடியவில்லை. பயந்து திரும்பி வந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறார். அவளும் உள்ளே நுழைந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். அப்புறம் ஊரைக் கூட்டி ஒரு விருந்து வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடனம் ஆடுகிறாள். ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, மகன் எட்வர்டுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்ற நல்ல சேதியோடு ஓடி வருகிறாள். மறுபடியும் அதே கட்டில். ‘நீ சுவர் ஏறிப் போகவில்லையே’ என்கிற மாதிரி அவர் சொல்ல, ‘போகவில்லை’ என்கிறாள் அவள். யாருக்குத்தான் அழுகை வராது!

நடிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சின்ன ராணியாக இந்தியா அமார்டெய்ஃபியோ, பெரிய ராணியாக கோல்டா ரோஷ்யூவெல். இருவரும் ஒரே பெண் என்று நம்பும்படி இருக்கிறது, முகவாயை நிமிர்த்துகிற விதம்கூட ஒன்று. சின்ன ராஜா கோரி மில்க்ரீஸ்ட், பயத்தைக் கண்ணிலேயே காட்டிவிடுகிறார். உடைகளையும் நகைகளையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

இனி நிஜமான சார்லட்டுக்கு வருவோம். தொடரின் ஆரம்பத்திலேயே ‘இது சரித்திரப் பாடம் இல்லை, கற்பனை கலந்தது’ என்று சொல்லிவிடுகிறார்கள். நியாயம்தான். அதனால் தப்புக் கண்டுபிடிக்க வரவில்லை. நிஜத்தில் அந்தப் பெண் என்ன செய்தாள் என்று தெரிந்துகொண்டால், கட்டிலுக்கடிக் காட்சியை வேறு கண்ணால் பார்ப்பீர்கள், அதற்காகத்தான்.

1761 செப்டம்பர் 8-ந் தேதி மத்தியானம் லண்டனில் வந்து இறங்கினாள். அன்று ராத்திரியே கல்யாணம். அவருக்கு வயசு 23. தொடரில் வருகிற மாதிரி அவர் அவளை விட்டு ஓடவில்லை, நன்றாகத்தான் குடித்தனம் நடத்தினார்கள். 1762-லிருந்து 1783-க்குள் பதினைந்து குழந்தைகள்! ஒன்பது பிள்ளை, ஆறு பெண். இருபத்தோரு வருஷத்தில் பதினைந்து பிரசவம் என்றால், அந்த உடம்பு என்னவாகியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். கடைக்குட்டிப் பையன்கள் ஆல்ஃபிரட், ஆக்டேவியஸ் இருவரையும் 1782, 1783 என்று அடுத்தடுத்த வருஷங்களில் வாரிக்கொடுத்தாள்.

ராஜாவுக்குப் புத்தி நிஜமாகவே கலங்கியது 1788-ல்தான். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து! தூக்கம் கிடையாது. தொண்டை கட்டிப்போகிற வரை விடாமல் பேச்சு. ஒருநாள் நடுராத்திரி கையில் மெழுகுவர்த்தியோடு ராணியின் அறைக்குள் வந்தார். அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று கட்டில் திரையை விலக்கிப் பார்த்தார். அரை மணி நேரம் அறையை விட்டுப் போகவில்லை. ராணியிடம் உடைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்த நாவலாசிரியை ஃபேனி பர்னி தன் டைரியில் இதை எழுதிவைத்திருக்கிறாள். நெட்ஃப்ளிக்ஸ்காரர்கள் காட்டுகிற கட்டில் ஒன்று, இந்தக் கட்டில் ஒன்று! புருஷன்தான், பாவம், நோயாளிதான். ஆனாலும் இருட்டில் அந்த வெளிச்சம் கிட்டே கிட்டே வரும்போது படுத்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வைத்தியம் என்ற பேரில் அவரைப் படுத்திய பாடு அதைவிடக் கொடுமை. கையை அசைக்க முடியாத சட்டையை மாட்டிக் கட்டிவைத்தார்கள். கெட்ட நீரை வெளியேற்றுகிறோம் என்று காலில் கொப்புளம் வரவழைத்தார்கள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். தொடரில் வருகிற ஐஸ் தண்ணீர் டாக்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தீர்களே, நிஜம் அதற்குச் சளைத்ததில்லை. 1789 தொடக்கத்தில் அவராகவே தேறினார். டாக்டருக்குப் பேர் கிடைத்தது. அது என்ன வியாதி என்பதில் இன்றைக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ரத்தத்தில் வருகிற போர்ஃபிரியா என்ற கோளாறு என்று 1966-ல் இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். இப்போது பலரும், மனசு ஒரு சமயம் தறிகெட்டு ஓடி ஒரு சமயம் அடங்கிப்போகிற பைபோலார் என்றே நினைக்கிறார்கள்.

நோய் திரும்பத் திரும்ப வந்தது. 1804-க்கு அப்புறம் ராணி அவரோடு தனியாக இருக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். தன் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாள், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டாள். 1811-ல் அவரால் ராஜ்யபாரம் முடியாது என்று மூத்த மகனைப் பிரதிநிதியாக்கியபோது, ராஜாவின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பைச் சட்டப்படி இவளிடம்தான் கொடுத்தார்கள். அதையும் தட்டாமல் ஏற்றுக்கொண்டாள். டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு, முடிவுகள் எடுத்து, கடைசிவரை சுமந்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டே சுமந்தாள்!

சகோதரிகளே, எனக்கு இந்த ராணியைத்தான் பிடித்திருக்கிறது. கட்டிலுக்கடியில் நுழைகிறவள் உத்தமி, கதவைத் தாழிட்டவள் கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். மனநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் தூக்கம் வேண்டும். பயமில்லாத ஒரு அறை வேண்டும். ‘இன்றைக்கு என்னால் முடியவில்லை, நீ வந்து இரு’ என்று கூப்பிட ஒரு ஆள் வேண்டும். தொடரில் ராணிக்கு இது எதுவும் கிடையாது, காதல் மட்டும்தான் உண்டு. அது ஆறு எபிஸோடுக்குத் தாங்கும். முப்பது வருஷத்துக்குத் தாங்குமா? நிஜ ராணிக்குத் தலைமுடி 1788-ன் அந்தச் சில மாதங்களிலேயே நரைத்துப்போயிற்று. அப்புறம் சிடுசிடுப்பு, மகள்களை வெளியே விடாமல் கூடவே வைத்துக்கொண்டது என்று அவள்மேல் புகாரும் நிறைய உண்டு. அத்தனையும் சேர்ந்தவள்தான் அவள்.

கடைசி எபிஸோடில் மனசுக்குள் ‘சபாஷ்’ போட்ட இடம் வேறு ஒன்று. விதவையான லேடி டான்பரியை ராணியின் சகோதரன் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். நல்லவன்தான். அவளுக்கும் பிடித்தே இருக்கிறது. ஆனாலும், இப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்திருக்கிறேன் என்கிற தோரணையில் வேண்டாம் என்றுவிடுகிறாள். இதைச் சத்தம் போடாமல் சொல்லியிருக்கிறார் கதையை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ்.

இளம் தாய்மார்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணி பேரக்குழந்தை வேண்டும் வேண்டும் என்று பிள்ளைகளைப் போட்டுப் பிடுங்குகிறாளே, சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அதற்குப் பின்னால் ஒரு பிரசவ அறை இருக்கிறது. மூத்த மகனின் ஒரே பெண், அவள் பேரும் சார்லட்தான், 1817 நவம்பரில் ஐம்பது மணி நேரம் வலி எடுத்தும் ஆயுதம் போடாமல் விட்டுவிட்டார்கள். ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் தாயும் போய்விட்டாள். வயசு 21. பிரசவத்துக்கு அப்புறம் ஏற்பட்ட ரத்தப்போக்குதான் காரணமாக இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். குழந்தை பிறந்த முதல் சில மணி நேரம் தாயைத் தனியே விடாமல் நர்ஸ் வந்து வந்து பார்ப்பது இதற்குத்தான். ‘என்னத்துக்கு இந்தத் தொந்தரவு’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் போனதும் ராணிக்குச் சட்டப்படி பிறந்த பேரக்குழந்தை ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஐம்பது வயசான இளவரசர்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். நல்ல சேதி கொண்டுவருகிற எட்வர்டு இருக்கிறாரே, கால் நூற்றாண்டுக்கு மேல் கூடவே வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணியை விட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளையானார். அந்தப் பெண்மணிக்குத் தொடரில் ஒரு நிமிஷம்கூட இடமில்லை. 1818 ஜூலையில் கியூ அரண்மனையில் இரண்டு இளவரசர்களுக்கு ஒரே நாளில் கல்யாணம். ராணி அப்போதே உடம்பு முடியாமல் இருந்தாள்.

எட்வர்டின் குழந்தை பிறந்தது 1819 மே 24-ல். அதுதான் பிற்பாடு விக்டோரியா மகாராணி. பாட்டி அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே, 1818 நவம்பர் 17-ந் தேதி, கியூவில் போய்விட்டாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மூத்த மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ராஜா விண்ட்ஸர் அரண்மனையில் கண் தெரியாமல் இருந்தார். தன் மனைவி இறந்துவிட்டாள் என்பதே அவருக்குப் புரியவில்லை. 1820 ஜனவரியில் அவரும் போனார். அந்த நாற்காலியை இன்றைக்கும் கியூ அரண்மனையில் வைத்திருக்கிறார்கள்.