ராபர்ட்சன்பேட்டை: சுரங்கம் மூடிய ஊரில் தமிழாசிரியர்களின் எதிர்காலம்

ராபர்ட்சன்பேட்டை: கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணிக்கு வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தமிழாசிரியர்களும் வந்தனர். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் இப்பகுதி மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது.

அதே ஆண்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது.

ஆனால், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், பலரின் பிழைப்பு நாள்தோறும் பெங்களூரு செல்லும் ரயிலைச் சார்ந்துள்ளது. அங்கு வேலைக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தேவைப்படுவதால், தமிழ்வழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் தயங்குகின்றனர்.

மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் இல்லையெனில் சேர்க்கை மேலும் சரியும். பிறமொழிவழிப் பள்ளிகளிலும் தமிழை மொழிப்பாடமாகக் கற்பிக்க ஆசிரியர்களை நியமிப்பதே இச்சுழலிலிருந்து மீள நடைமுறைக்கு உகந்த வழியாகும்.