மருமகனும் அந்நியனா?

மயிலிட்டி மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில். அவ்வூர்த் துறைமுகம் அவர்களிடம் மீண்டது 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில். இடையிற் கழிந்த இருபத்தேழு ஆண்டுகளில் அம்மண்ணின் மக்கள் குடாநாட்டு நலன்புரி முகாம்களிலும், தமிழகத்து அகதி முகாம்களிலும், இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலும் சிதறி வாழ்ந்தனர். வலிகாமம் வடக்கின் காணிகள் இன்னும் முழுமையாக விடுபட்டில. விடுபட்ட காணியிலோ உழவும் தொழிலும் செய்ய ஆளில்லை என்ற குரல் கேட்கிறது.

ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் கையில் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று மணப்பருவம் எய்தி நிற்கின்றனர். விடுமுறைக்கு வருகின்றனர், சம்பந்தம் பேசப்படுகிறது, நாள் குறிக்கப்படுகிறது, தாலியும் ஏறுகிறது. மாப்பிள்ளை வந்ததோ சுற்றுலா விசாவில். திரும்பவேண்டிய நாள் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. இனி இருவரும் எங்கே, எந்த உரிமையோடு வாழ்வது? சம்பந்தம் பேசிய நாளிலேயே கேட்டிருக்கவேண்டிய இக்கேள்வி, பந்தலிற் கட்டிய வாழை வாடிய பின்னரே கேட்கப்படுகிறது.

சட்டம் சொல்வது யாது? விவாகப் பதிவு மணத்தை உறுதிசெய்யும்; வதியும் உரிமையைத் தராது. இலங்கையரை மணந்த வெளிநாட்டவர் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, வாழ்க்கைத் துணைக்குரிய வதிவிட விசாவைப் பெறுதல் வேண்டும். காலத்துக்குக் காலம் புதுப்பித்தலும் வேண்டும். ஓராண்டு தொடர்ந்து இங்கு வதிந்த கணவனோ மனைவியோ பதிவினாற் பிரசாவுரிமை கோருவதற்கு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. முன்னர் இலங்கைப் பிரசையாயிருந்து பிறநாட்டுப் பிரசையாகியவர்க்கு, 1987ஆம் ஆண்டின் திருத்தத்தால் இரட்டைப் பிரசாவுரிமை என்னும் வாயில் திறந்தது. ஆகவே மாப்பிள்ளை எங்கே பிறந்தவர், அவர் பிறப்பு இலங்கைத் தூதரகத்திற் பதியப்பட்டதா என்பவற்றைச் சாதகக் குறிப்போடு சேர்த்தே கேட்டறிதல் பெற்றோர் கடன்.

ஆனால் கடமை பெற்றோருக்கு மட்டுமா? 2021ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பதிவாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். இலங்கையரை மணக்கும் வெளிநாட்டவர்க்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்றது அது. 2022 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கும் வந்தது. பாட்டனும் பூட்டனும் மயிலிட்டிக் கடலில் வலை வீசியிருக்க, பேரன் மணமுடிக்கப் பாதுகாப்பு அமைச்சின் வாயிலில் நிற்கவேண்டும் என்று அன்று விதித்தது முறையா? இது பாராளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டமுமன்று. கடிதத்தால் வரும் விதி கடிதத்தால் மாறும். மாறியதை மணமக்கள் அறிவது பதிவாளர் முன் நிற்கும்போதுதான். முகூர்த்தம் வைக்குமுன் மாவட்டப் பதிவாளரிடம் நேரிற் கேட்டுத் தெளிதல் நன்று.

இந்நாட்டுச் சட்டம் நம் பெண்களை நடத்திய விதத்தையும் மறத்தலாகாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குப் பிரசாவுரிமை தந்தை வழியே வந்தது. வெளிநாட்டவரை மணந்த நம் பெண்ணின் பிள்ளை தாயின் நாட்டில் அந்நியனாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே அந்தக் குறை நீங்கியது. வதிவிட உரிமையிலுள்ள குறை நீங்கவும் அத்தனை காலம் காத்திருப்பதா?

பெண்ணை அங்கே அழைத்துச் செல்லும் வழி எளிதென்று எண்ணுவோரும் உளர். நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரித்தானியாவிற் சாதாரண வருகையாளர் விசாவில் மணமுடிக்க இயலாது. அதற்கென்றுள்ள திருமண வருகையாளர் விசாவிற் சென்றவரும் மணமுடித்துத் திரும்பியே ஆகவேண்டும். துணையை அழைப்பவர்க்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண் இருத்தல் வேண்டுமென்பது 2024 ஏப்பிரலில் வந்த விதி. அதற்கு முன் அத்தொகை 18,600. ஜெர்மனி 2007 முதல் அடிப்படை ஜெர்மன் மொழியறிவைக் கேட்கிறது. அமெரிக்கா, மணமுடிக்கவென்றே விசாப் பெற்று வருபவர் தொண்ணூறு நாளுக்குள் மணமுடிக்க வேண்டுமென்கிறது. கனடாவோ, வருகையாளராக வந்து அங்கு மணமுடித்தவர் அங்கிருந்தவாறே விண்ணப்பிக்க இடந்தருகிறது. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் பொய் கூறி உள்ளே செல்லும் யோசனையைத் தரகர் சொல்லக்கூடும். அப்பொய் வெளிப்படும் நாளில் விசா மறுக்கப்பட்டுத் தனித்து நிற்பவள் பெண்ணே, தரகரல்லர்.

காணியுடையோர் கருதவேண்டியது இன்னுமொன்றுண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரசைகளுக்கு விலக்களிக்கிறது. சீதனக் காணியை மகளின் பெயரில் எழுதுவதே பாதுகாப்பு. தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆணை மணந்தால், அம்மணம் நிலைக்குங்காறும் அவள் தேசவழமைக்கு உட்படாள் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். புலம்பெயர்ந்த நாட்டிற் பிறந்த மாப்பிள்ளை தேசவழமைக்கு உட்பட்டவரா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறியாமல் உறுதி முடித்தல் பிழை.

நாம் அரசாங்கத்திடம் கேட்பது சலுகையன்று. மணந்தவரோடு கூடிவாழ்தல் மனித உரிமை. துணைவரின் வதிவுரிமையும், தொழில் செய்யும் உரிமையும், விண்ணப்பத்துக்கு விடைதரும் கால எல்லையும் சுற்றறிக்கையிலன்றிச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். விண்ணப்பங்கள் கொழும்புக்கு அலையாமல் யாழ்ப்பாணத்திலேயே தமிழில் முடிதல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் பணத்தை முதலீடாக வருகவென அழைக்கும் அரசாங்கம், அவர் பிள்ளையை மருமகனாக ஏற்கத் தயங்குவது எந்த நியாயம்?

துறைமுகத்துக்குக் கல்லும் சீமெந்தும் போதும். ஊருக்குக் குடும்பங்கள் வேண்டும். பாராளுமன்றத்தில் நம் வாக்கைப் பெற்று அமர்ந்திருப்போர் இதனை அங்கே எழுப்புவார்களாக. பெற்றோரும் இனிச் சம்பந்தம் பேசும்போது சாதகத்தோடு கடவுச்சீட்டையும் விரித்துப் பார்ப்பார்களாக.