புது ஸ்போர்ட்ஸ் காரில் அணையாத மஞ்சள் விளக்கு: பெருமுக்கலில் இருப்பவர் எங்கே போய்க் கேட்பது?

கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய கார். ஷோரூமில் இருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால், "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார், இனி வராது" என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். அடுத்த வாரமே அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

சென்னையில் இருப்பவருக்கு இது தலைவலி. பெருமுக்கல் மாதிரி ஊரில் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை போச்சு. திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் வழியில், மலைமேல் முக்தியாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் அது. மரக்காணத்தைத் தொட்டுவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வார இறுதியில் விலை உயர்ந்த கார்கள் சீறிப் பாயும் சாலை. ஆனால் அந்தக் கார்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் இருக்கின்றன. போக மட்டும் சுமார் 120 கிலோமீட்டர். விளக்கு எரியும் காரை ஓட்டிக்கொண்டு போவதா, டோயிங் வண்டியில் ஏற்றுவதா என்பதே முதல் கேள்வி.

அந்த விளக்கு என்ன சொல்கிறது?

பலரும் நினைப்பதுபோல 'என்ஜின் போச்சு' என்று அர்த்தம் இல்லை. காரின் கணினி, புகை வெளியேற்றம் தொடர்பான ஏதோ ஒரு அளவீடு எல்லை மீறியதைக் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலானது. அதன்படி, கார் சாலையில் ஓடும்போதே தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஆவி வெளியேறும் குழாய் என எல்லாவற்றின் மீதும் கணினிக்கு ஒரு கண் இருக்கும். புது கார்களில் இந்த விளக்கு பற்றிய பேச்சு அதிகம் அடிபட இதுவும் ஒரு காரணம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, காரின் இழுவையிலும் சத்தத்திலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை, அதாவது மிஸ்ஃபயர் ஆகிறது. எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கிவிடும். அந்த நிலையில் 120 கிலோமீட்டர் ஓட்டினால், சின்னச் செலவில் முடிய வேண்டியது லட்சங்களில் போய் நிற்கும். சிவப்பில் ஆயில் பிரஷர் அல்லது வெப்பநிலை விளக்கு எரிந்தாலோ யோசிக்கவே வேண்டாம். ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருது?

காரணம் எளிமையானது. விளக்கை அணைப்பதும் கோளாறைச் சரிசெய்வதும் வேறு வேறு வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி 'கிளியர்' கொடுத்தால் விளக்கு உடனே அணையும். அதோடு, கணினி சேர்த்துவைத்த தகவலும் அழிந்துவிடும். கணினி தன் சோதனைகளை முதலில் இருந்து தொடங்கும். பல கோளாறுகளை அது முதல் தடவையே விளக்காகக் காட்டாது. அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் அதே குறை தெரிந்தால்தான் காட்டும். அதனால்தான் சர்வீஸ் சென்டர் வாசலில் 'ஓகே'வாக இருந்த கார், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மறுபடியும் விளக்கைப் போடுகிறது.

உண்மையான தடயம் அழிக்கப்பட்ட அந்தத் தகவலில்தான் இருந்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பி0300 என்றால் மிஸ்ஃபயர். பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. பி0455 என்றால் பெட்ரோல் ஆவி கசிகிறது. இதில் கடைசி எண்ணுக்கு, டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதே காரணமாக இருந்துவிடலாம்! அந்த எண்ணுடன், கோளாறு வந்த நொடியில் என்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் ஓடியது என்ற பதிவும் சேர்ந்தே இருக்கும். அதைப் பார்க்காமல் அழிப்பது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது மாதிரி.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று சில தனிப் பிரச்னைகளும் உண்டு. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் காரில் பேட்டரி மெல்ல இறங்கும். மின்னழுத்தம் குறைந்தால், சம்பந்தமே இல்லாத நான்கைந்து விளக்குகள் ஒன்றாக எரியும். இன்னொன்று பெட்ரோல். இந்த வகை என்ஜின்கள் பலவற்றுக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல்தான் பரிந்துரைக்கப்படுகிறது. 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கிராமப்புறச் சாலைகளில் இன்னும் கஷ்டம். எத்தனால் 20% கலந்த இ20 பெட்ரோல் மீதும் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. அதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. காரின் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலோ இ20 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், 'பெட்ரோல்தான் சார் காரணம்' என்ற பதிலுக்கு அங்கேயே பதில் சொல்லலாம்.

மழைநீரையும் மறக்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரையை ஒட்டிப் போகும் கார் அந்த மாதிரி தண்ணீரில் நின்றால் ஒயரிங், சென்சார் எல்லாம் காலி. தண்ணீர் புகுந்தது என்று தெரிந்தால் வாரண்டி கிடையாது என்பார்கள். அது இன்சூரன்ஸ் பக்கம் போகும் கணக்கு; என்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்து எடுத்திருந்தால்தான் அங்கேயும் முழுப் பணம் கேட்க முடியும்.

உற்பத்திக் கோளாறாகவே இருந்தால்?

இருக்கவும் வாய்ப்பு உண்டு. 2014-ல் போர்ஷே நிறுவனத்தின் 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. என்ஜினுக்குள் கனெக்டிங் ராடில் ஒரு திருகு தளர்ந்து, கிராங்க் கேஸை உடைத்து, ஆயில் கசிந்து பற்றியது தெரியவந்தது. உலகம் முழுக்க விற்ற 785 கார்களின் உரிமையாளர்களிடமும் 'காரை எடுக்காதீர்கள்' என்று நிறுவனமே சொல்லி, அத்தனை கார்களுக்கும் என்ஜினையே மாற்றிக் கொடுத்தது. ஒரு திருகு. 785 என்ஜின்கள்.

இந்தியாவில் நிறுவனம் தானாக முன்வராவிட்டால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமலில் உள்ளன. வாகனம் 7 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இது பல பேர் ஒரே புகாரைப் பதிவு செய்தால்தான் நகரும். வருடத்துக்குக் கொஞ்சம் பேர் மட்டுமே வாங்கும் காரில் இதை நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

15 ஆண்டு இழுத்த ஒரு பிஎம்டபிள்யூ வழக்கு

தனி ஒரு வாடிக்கையாளரின் போராட்டம் எப்படிப் போகும் என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10-ம் தேதி முடித்துவைத்த வழக்கைப் பார்க்கலாம். ஜிவிஆர் இந்தியா ப்ராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் 2009 செப்டம்பர் 25-ல் ஒரு பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரை வாங்கியது. நான்கே நாளில், செப்டம்பர் 29-ல் கோளாறு. ஒர்க்‌ஷாப் போய் வந்தது. நவம்பர் 13-ல் மறுபடியும் அதே மாதிரி பிரச்னை. வாங்கியவர்கள் மோசடி என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

2012-ல் உயர் நீதிமன்றம் குற்ற வழக்கை ரத்து செய்தது. அதே நேரம், புது கார் ஒன்றைக் கொடுக்கும்படி நிறுவனத்துக்குச் சொன்னது. நிறுவனமும் தரத் தயார் என்றது. புகார்தாரர் ஏற்கவில்லை; வட்டியோடு பணம்தான் வேண்டும் என்றார். அங்கிருந்து இன்னும் 12 வருஷம். கடைசியில் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு, 50 லட்சம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சொன்னது. கோளாறான கார் பற்றிய தகராறில் இத்தனை ஆண்டு கழித்து குற்ற வழக்கைத் தொடர்வதால் பயனில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

50 லட்சம் என்பது தலைப்புச் செய்திக்கு நல்ல தொகை. ஆனால் கவனிக்க வேண்டியது 15 ஆண்டுகளை. 'ஏமாத்திட்டாங்க' என்ற கோபத்தில் முதலில் போலீஸுக்குப் போகத் தோன்றும். ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது அங்கே பெரும்பாடு. நுகர்வோர் ஆணையத்தில் அந்த எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருக்கிறது என்று காட்டினால் போதும்.

விழுப்புரமா, சென்னையா, டெல்லியா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, கார் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. வசிக்கும் இடத்திலேயே போடலாம். ஆனால் காருக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்து ஆணையம் மாறும். 50 லட்சம் வரை என்றால் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை சென்னையில் மாநில ஆணையம். அதற்கும் மேல் என்றால் டெல்லியில் தேசிய ஆணையம். கட்டணம் பயமுறுத்தாது: 50 லட்சத்தில் இருந்து 1 கோடி வரையிலான பொருளுக்கு 2,000 ரூபாய், 2 கோடி வரை 2,500 ரூபாய். புகாரை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவைப்பது நல்லது. சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

கம்பெனி பெயரில் கார் வாங்கியிருந்தால் 'நீங்க நுகர்வோரே இல்லை' என்று எதிர்தரப்பு வாதாடும். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பென்ஸ் கார் தொடர்பான வழக்கில், அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஏற்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, முழு காரையும் மாற்றித் தரச் சொல்வது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கான உறுதிமொழி; காரையே மாற்ற வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதனால், ஒரே கோளாறு பாகம் மாற்றியும் தீரவில்லை என்று காட்டியாக வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. இங்கே அந்தச் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில். தேவைப்பட்டால் காரை ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு மனு போட வேண்டியதும் அவர்தான்.

அங்கேதான் ஜாப் கார்டு கைகொடுக்கும். பல நேரம் அதில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். பின்னாளில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'என்ஜின் விளக்கு மூன்றாம் முறை எரிகிறது' என்று எழுதச் சொல்லி, கோளாறு எண்ணையும் அழிப்பதற்கு முன்பே குறிக்கச் சொல்ல வேண்டும். விளக்கு எரியும்போது ஓடிய கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்துவைக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதி, எத்தனை நாள் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது என்ற கணக்கு, டோயிங் ரசீது எல்லாமே ஆதாரம்தான். பேசியதை போனோடு விடாமல் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். ஷோரூமுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. தயாரிப்பாளரும் டீலரும் சட்டத்தின் முன் தனித்தனி; 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்குப் போட்டாலும் இரண்டு பேரையுமே சேர்க்க வேண்டும்.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும். 'அடுத்த அப்டேட்ல சரியாயிடும் சார்' என்று சர்வீஸ் சென்டர் சொல்லும் மாதங்களும் அந்த 2 ஆண்டுக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம்.