துரை பக்கத்தில் நிற்க ஒரு பேட்டியா?

மலைநாட்டுத் தொழிலாளியை ஆராயாதவர் இன்று யார்? பல்கலைக்கழகம் ஆராய்கிறது, அரசாங்கத் திணைக்களம் ஆராய்கிறது, வெளிநாட்டுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்களும் ஆராய்கின்றன. ராகலையிலிருந்து அட்டன் வரை, வினாக்கொத்தும் கையுமாக ஒருவர் வந்து நிற்காத லயத்து வாசல் அரிது. காம்பராவில் எத்தனை பேர்? மாதத்தில் எத்தனை நாள் வேலை? கடன் எவ்வளவு? குடிக்குச் செலவு எவ்வளவு? நிருவாகம் எப்படி நடத்துகிறது? கேட்டவர் எழுதிக்கொண்டு மலையிறங்குகிறார். விடைகள் அட்டவணையாகின்றன, அட்டவணை அறிக்கையாகிறது. அந்த அறிக்கையைக் கொண்டே வீடும் காணியும் சம்பளமும் கொழும்பில் பேசப்படுகின்றன.

ஆராய்ச்சியை நாம் வெறுப்பவரல்லோம். உண்மை வெளிவந்தால் இலாபம் அடைகிறவர்கள் நம் மக்களே. அதனால்தான் கேட்கின்றோம்: இந்த விடைகள் எப்படிப் பெறப்பட்டன?

நாம் கண்டதைச் சொல்வோம். ஆராய்ச்சியாளர் முதலில் போவது தோட்டத்துரையின் பங்களாவுக்கு. அனுமதி கிடைக்கிறது, அனுமதியோடு கூடவே ஓர் உத்தியோகத்தரும் துணைக்கு வருகிறார். யாரைப் பேட்டி காண்பது என்பதை அவரே காட்டுகிறார். ஆராய்ச்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்ப்பவரும் அவரே! கொழுந்து நிறுக்கும் நேரத்தில், கூடையை இறக்கிவைக்கவும் விடாமல் ஒரு பெண்ணை நிறுத்தி, “நிருவாகத்தின் மீது உமக்குக் குறை உண்டா?” என்று கேட்கிறார்கள். அன்றைக்கு அவளுக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுகிறவர் அடுத்த அடியில் நிற்கிறார். “ஒரு குறையுமில்லை ஐயா” என்கிறாள். தாளில் ஒரு கோடு விழுகிறது. ‘திருப்தி’ என்று விஞ்ஞானம் பதிந்துகொள்கிறது!

அந்தப் பெண் பொய் சொன்னாளா? இல்லை. கேட்கப்பட்ட இடத்துக்கு ஏற்ற விடையைச் சொன்னாள். குற்றம் அவளுடையதன்று, அந்த இடத்தைத் தேர்ந்தவருடையது.

நீதிமன்றம் இதை நன்கு அறியும். இந்த நாட்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதிகாரத்தில் உள்ளவரின் அச்சுறுத்தலாலோ ஆசை வார்த்தையாலோ பிறந்த குற்ற ஒப்புதலை அதன் 24ஆம் பிரிவு தள்ளிவிடுகிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாதென்கிறது 25ஆம் பிரிவு. தன் சாட்சியின் வாயில் விடையை ஊட்டிவிடும் கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், முதல் விசாரணையில் கேட்க முடியாது. ஏன் இத்தனை காவல்? அதிகாரத்தின் நிழலில் மனிதன் பேசுவது அவனுடைய பேச்சாக இருப்பதில்லை என்பதைச் சட்டம் அனுபவத்தால் அறிந்திருக்கிறது. ஒரே ஒருவனுடைய குற்றத்தைத் தீர்மானிக்க இத்தனை எச்சரிக்கை வேண்டுமானால், இலட்சக்கணக்கானோரின் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு காவலும் வேண்டாமா?

“ஒருவர் இருவர் மறைத்தாலென்ன? ஆயிரம் பேரைக் கேட்டால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்” என்பார்கள். ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் சொன்னால் அது நடக்கலாம். ஆயிரம் பேரும் ஒரே பயத்தால் ஒரே பக்கம் சாய்ந்து பேசினால் எதை எது ஈடுசெய்யும்? பொய்த் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் நிறை சரியாகுமா? கமக்காரரே, மானிய உரம் வழங்கும் உத்தியோகத்தர் அருகில் நிற்க, “விளைச்சல் எவ்வளவு?” என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? எண்ணிப் பாருங்கள்.

மலைநாட்டானின் மௌனத்துக்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், பிரஜாவுரிமை வேண்டுமானால் விண்ணப்பித்து நிரூபி என்றது. மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு; 1946 சனவரி முதல் நாளுக்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். இந்தியாவுக்கு எப்போது போனாய்? எப்போது திரும்பினாய்? மனைவி மக்கள் எங்கே இருந்தார்கள்? கள்ளமில்லாமல் சொன்ன ஒரு விடை விண்ணப்பத்தையே விழுங்கிவிடக்கூடிய விசாரணை அது. எட்டு இலட்சம் பேருக்குமேல் விண்ணப்பித்தார்கள்; பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே. பின்னர் 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டார்கள். அன்று எவரும் இம்மக்களைக் கேட்கவில்லை! கேட்டபோதெல்லாம் பறிகொடுத்தவன், இன்று கேட்பவனிடம் மனத்தைத் திறக்கத் தயங்கினால், அதை ‘அறியாமை’ என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பேட்டி என்னும் முறையே பயனற்றதென்று நாம் வாதிடவில்லை. அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 21,000க்கு மேற்பட்ட தொழிலாளரைப் பேட்டி கண்டார்கள். எழுதிவைத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டபோது, தொழிலாளர் அவற்றை விட்டு விலகித் தம் மனத்திலுள்ளதையே பேசினர். 1929இல் முறையை மாற்றினார்கள்: பேசுவதைத் தொழிலாளி தீர்மானிக்கட்டும், கேட்பவர் குறுக்கிடாமல் கேட்கட்டும் என்றார்கள். அரை மணிப் பேட்டி ஒன்றரை மணியாயிற்று. கேட்டது கம்பெனியே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கேட்கத் தெரிந்தால் மனிதர் பேசுவர் என்பது அங்கே விளங்கியது.

நம் மலையிலும் சான்று உண்டு. மானிடவியலாளர் வலன்ரைன் டானியல் 1983இல், தேயிலைத் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டவே வந்தார். ஜூலைக் கலவரத்தின் காயம் ஆறாத மக்கள் பேச விரும்பியது வேறு. அவர் தம் திட்டத்தை ஒதுக்கிவைத்து அதைக் கேட்டார். 1996இல் வெளிவந்த அவருடைய நூல் அதன் பயனே. பாடல் அட்டவணையை நிரப்பிக்கொண்டு அவர் திரும்பியிருந்தால் உண்மை புதைந்தே போயிருக்கும்.

ஆகவே, ஆராய வருவோரிடம் நாம் கோருபவை இவை. நிருவாகத்தின் ஆளோ, தொழிற்சங்கத்தின் ஆளோ — நம் சங்கத்தவரும் இதற்கு விலக்கல்ல — செவிக்கெட்டும் தூரத்தில் நிற்கலாகாது. பேட்டி, தோட்டத்து மக்கள் பேசும் தமிழிலேயே, வேலை முடிந்த பின்னர், அவர்கள் விரும்பும் இடத்தில் நடக்கவேண்டும். வாக்குமூலத்தை வாசித்துக்காட்டியே கையெழுத்து வாங்குவது நியாயமான வழக்கம். அதுபோல் எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக்காட்டவேண்டும். விடை சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு உண்டென்பதை முதலிலேயே சொல்லவேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு அதே தோட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். துரையின் அனுமதியின்றி நுழைய முடியாதென்றால், அந்த அனுமதி எந்த நிபந்தனையோடு கிடைத்தது என்பதை அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

படித்த மலைநாட்டு இளைஞரே, இனி வினாக்கொத்தோடு லயத்துக்குப் போகிறவர்கள் உங்களிற் பலராய் இருப்பீர்கள். துணைக்கு வரும் உத்தியோகத்தரை முதலில் திருப்பி அனுப்புங்கள், பிறகு கேளுங்கள். அதுவரை எம் மக்கள் ‘திருப்தியோடு’ இருப்பதாகச் சொல்லும் அட்டவணை எதையும் நாம் சாட்சியமாக ஏற்கமாட்டோம்!