இடஒதுக்கீடு இருக்கிறது, இடம் எங்கே?

பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணியிடம் என்று அறிவிப்பு வந்தால், நாம் முதலில் பார்ப்பது இனச்சுழற்சி விவரத்தைத்தான். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் ஆதிதிராவிடருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. கல்வராயன் மலையில் படித்து முனைவர் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு அந்த ஒன்று எப்போது கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விழுக்காடு என்றால் 200 இடங்கள் கொண்ட சுழற்சியில் பழங்குடியினருக்கு 2 இடம். ஏழெட்டு ஆசிரியர்களே உள்ள ஒரு துறையைத் தனி அலகாக வைத்துச் சுழற்சி நடத்தினால், அந்த முறை வருவதற்குள் தலைமுறைகள் கடந்துவிடும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்தால் சில ஆண்டுகளிலேயே வரும். சிறு துறைகளில் ஆதிதிராவிடருக்கும் இதே பாதிப்புதான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது நடந்தது. துறையையே அலகாகக் கொள்ளும்படி 2018 மார்ச்சில் யுஜிசி உத்தரவிட்டது. இடங்கள் பறிபோவதைக் கண்டு ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்று உறுதி செய்தது. ஆனால் அந்தச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதற்குள் வரவில்லை.

ஆராய்ச்சிக்கு உதவித்தொகை இல்லாமல் இல்லை. மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு ஆதிதிராவிடர் 2,000 பேருக்கும் பழங்குடியினர் 750 பேருக்கும் உண்டு. இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். முழுநேர ஆய்வு மாணவருக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடரும் இதைப் பெறலாம். உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடப்பதும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அதுவரை எதை அடகு வைப்பார்கள்?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட் தேர்வு எழுத நமக்கு முதுகலையில் 50 விழுக்காடு மதிப்பெண் போதும். பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தரமுடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் பல்கலைக்கழகமே அலகு என்று சட்டம் வேண்டும். ஒவ்வொரு பணி அறிவிப்போடும் சுழற்சிப் பதிவேட்டையும், நிரப்பாமல் விட்ட பின்னடைவுப் பணியிடங்களையும் வெளியிட வேண்டும். படிக்க உதவித்தொகை கொடுத்துவிட்டு, படித்து முடித்தவரை வாசலில் நிறுத்துவது சமூகநீதி ஆகாது.